பதினெட்டாவது படகு

"அண்ணி, வெளிய ஒரு படகு வந்து நிக்குது."

அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டுக் கணவருடைய சாம்பல் நிறக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. ஒன்று கிடைத்துவிட்டது. அதன் ஜோடியைக் காணோம். இந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்க ஒற்றைக் காலுறைதான்.

"என்ன நிக்குது?"

"படகு, அண்ணி. நெஜப் படகு. ஒருத்தன் வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துட்டு வந்து நம்ம கேட்டுக்கு முன்னாலயே நிறுத்தியிருக்கான். அமரர் ஊர்தி அதுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு நிக்குது. பதினொரு மணிக்கு மயானத்துல இருக்கணும். நான் யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது?"

கொழுந்தன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி, சான்றிதழ், வாடகை நாற்காலி என்று இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருப்பவன். அவனைக் கோபித்துப் பயனில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்று சனிக்கிழமை.

இரண்டு வருடமாக இந்த வீட்டில் சனிக்கிழமை என்றால் படகு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஆரம்பித்தது. "முப்பத்தஞ்சு வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு. இனிமே கொஞ்சம் பக்கவாட்டுல போகணும்" என்றார். இரண்டு பேர் உட்காருகிற மாதிரி, பின்னால் சின்ன எஞ்சின் வைத்த ஒரு பழைய படகு போதுமாம். பதினேழு படகு பார்த்தார்கள். ஒன்றில் பூஞ்சை வாடை. ஒன்றில் ஸ்டீயரிங் முரண்டு பிடித்தது. ஒன்றில் எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஒன்றில் எந்தக் குறையும் இல்லை. விற்கிறவர் ரொம்பச் சிரிக்கிறார் என்று அதையும் விட்டார்.

ஆனால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னது அவர் இல்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரம். படகைச் சுற்றிச் சுற்றி வருவார், குனிவார், தட்டுவார், கடைசியில் "வீட்ல என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கறேன்" என்று நழுவிவிடுவார். ஃபிளாஸ்க்கும் வாரப் பத்திரிகையுமாக வண்டியில் உட்கார்ந்திருக்கும் அவள்தான் கண்ணாடியை இறக்கி "வேணாங்க" என்று சொல்ல வேண்டும். பதினேழு பேர் மனதில் அவள் ஒரு ராட்சசி. மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோதும் "அம்மாவைக் கேளு" என்றுதான் சொன்னார். அன்றைக்கு ஒரு நாள் அவள் சரி என்றாள். அதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மாலை செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். சாவிலும் ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கூடத்தில் அவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். எதிரே டிவி மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசி சரிந்து கிடந்தது. உள்ளிருந்து மகனின் குரல் கத்திக்கொண்டிருந்தது.

"யாராவது ஃபோனை நிமித்தி வைங்களேன்! அரை மணி நேரமா எனக்கு ஃபேன்தான் தெரியுது!"

டிக்கெட் கிடைத்தும் கிளம்புவதற்கான அனுமதிப் பேப்பர் வராமல் அங்கேயே மாட்டிக்கொண்டவன். அவள் அவனைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

தெருவை அடைத்துக்கொண்டு நின்றது அது. வெள்ளையும் பச்சையுமாக, வயிறு கொஞ்சம் உரசிப்போன, பதினாலடிப் படகு. பக்கத்தில் சட்டைக் கையில் மாவோடு ஒருவர், தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா. நான் பேக்கரிக்காரன். எனக்குத் தெரியாது. ஃபோன் பண்ணிப் பாத்தேன், ஆஃப்ல இருந்துச்சு."

அவர் ஃபோனை அணைத்து வைத்தது அவள்தான். அதிலிருந்த எல்லாப் பெயர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. விற்கிறவர்களை அவர் பெயரில்லாமல் பத்து, பதினொன்று என்று எண் போட்டு வைத்திருந்தார். எண்களுக்கெல்லாம் யார் துக்கம் சொல்வார்கள்?

"சனிக்கிழமை காலைல கண்டிப்பா வரணும்னு சார் சொல்லியிருந்தாரு. மூணு மணி நேரமா இழுத்துட்டு வர்றேன். எஞ்சினைத் தொடவே இல்லம்மா."

அவள் உள்ளங்கை தானாக எஞ்சின் மூடிமேல் போய் உட்கார்ந்தது. ஜில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் கிளம்பாத எஞ்சினும் நல்ல பிள்ளை மாதிரி கிளம்பும் என்பது பதினேழு தடவை கேட்ட பிரசங்கம். கையை வெடுக்கென்று எடுத்தாள். காலையில் அவர் நெற்றியிலும் இதே கைதான் இருந்தது.

"அப்பா வாங்கிட்டாராம்மா?" என்றான் கைக்குள் இருந்த மகன்.

அதுதான் அவளுக்கும் தெரிய வேண்டும். "அவரு இதைப் பாத்தாரா?"

"நாலு தடவை வந்தாரும்மா. எனக்கு லீவு செவ்வாய்க்கிழமைதான். அன்னிக்குத்தான் வருவாரு."

செவ்வாய்க்கிழமை. பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போன நாள். அந்த நாலு செவ்வாயும் அவள் பல்லே படாமல் விழுங்குகிற மாதிரி சமைத்துப் போட்டாள். பாவம் மனுஷன் என்று தனியாக மசித்துக்கூடக் கொடுத்தாள்.

"என்னதான் சொன்னாரு?"

"ரொம்பப் புடிச்சிருக்குன்னாரு. ஆனா..." பேக்கரிக்காரர் தொப்பியைத் திருகினார். "நீ வீட்டுக்குக் கொண்டு வா, அவ பாத்து வேணாம்னு சொல்லட்டும், விட்டுடறேன்னாரு."

"வேணாம்னு சொல்லட்டும்னா? வேணும்னு சொன்னா?"

"நானும் கேட்டேம்மா. சிரிச்சாரு."

"அண்ணி, நேரமாகுது" என்றான் கொழுந்தன். "யோவ், வண்டியை எடுய்யா!"

"சும்மா இரு." கைபேசியைக் கொழுந்தனிடம் திணித்துவிட்டுப் படகின் பின்பக்கம் போனாள். எஞ்சினைத் தாங்குகிற பின்பலகையை விரல் முட்டியால் தட்டத் தொடங்கினாள். டக். டக். உள்ளே மரம் நன்றாக இருந்தால் சத்தம் தெளிவாக வரும், தண்ணீர் ஊறியிருந்தால் மந்தமாகும். பத்திரிகை படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தவளுக்கு இதெல்லாம் எப்போது ஏறியது என்று அவளுக்கே தெரியவில்லை. வாடகை நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அழவேண்டியவள் படகைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

டக். டக். டொப்.

மறுபடி தட்டினாள். டொப். குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில், நகத்தளவுக்கு, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. முப்பத்தைந்து வருடம் பழுதான லிஃப்ட் கதவுகளில் அவர் போட்ட அதே குறி, ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.

"தெரிஞ்சிருக்கு" என்றாள். "உள்ள ஊறிப்போச்சுன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் நாலு தடவை போயிருக்காரு. வேணாம்னு சொல்ல வாய் வரல. அதுக்கு நான் வேணும். எல்லாத்துக்கும் நான் வேணும்! உங்கண்ணனுக்கு ஒரு 'வேணாம்' சொல்லத் துப்பில்ல, பாத்துக்கோ!"

கொழுந்தன் கையிலிருந்து மகன் மெல்லச் சொன்னான்: "நாம வாங்கிடலாம்மா. சரி பண்ணிக்கலாம்."

"வாங்கி? எனக்கு நீந்தத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் புடவைத் தலைப்பால் விரல் முட்டியைத் துடைத்துக்கொண்டாள். தோல் உரிந்திருந்தது. பேக்கரிக்காரர் காத்துக்கொண்டிருந்தார், மற்ற பதினேழு பேரைப் போலவே.

"வேணாங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "பலகை ஊறினது சத்தியமா எனக்குத் தெரியாதும்மா." குறியைக் கட்டைவிரலால் தொடப்போனார். "இதை அழிச்சிடட்டுமா?"

"இருக்கட்டும். வாங்கறவங்களுக்குத் தெரியணும்ல."

உள்ளே போய் ஒரு கால் சாம்பலும் ஒரு கால் நீலமுமாகக் காலுறையை மாட்டிவிட்டாள். பெட்டியை மூடித் தூக்கி வந்தார்கள். தெரு ஒருவழி, பின்னால் சொந்தக்காரர்களின் வண்டிகள். படகுதான் முதலில் போயாக வேண்டும். பேக்கரிக்காரர் மெதுவாகக் கிளப்பினார். அதன் பின்னால் அமரர் ஊர்தி, அதில் டிரைவர் பக்கத்தில் அவள், மடியில் கைபேசி. முன் கண்ணாடி நிறைய படகின் பின்பக்கம் ஆடிக்கொண்டே போனது. எஞ்சினின் சின்ன விசிறி காற்றுக்குத் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெரிய தெருவுக்கு வந்ததும் டிரைவர் ஹாரனில் கை வைத்தார். "இடம் இருக்கும்மா. முந்திடட்டுமா?"

"வேணாம்" என்றாள். "பின்னாலயே போங்க."

அவள் கைபேசியை நிமிர்த்தி முன் கண்ணாடியைப் பார்க்கப் பிடித்தாள். மயானத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். சிக்னலில் படகு வண்டியின் இடது விளக்கு மினுங்கத் தொடங்கியது.