இந்த வாரம் வாசித்தவை

கணவன் படிக்காமலே ஊருக்குப் பரிந்துரைத்த கட்டுரைகள் எல்லாம் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மனைவியின் தலைக்குள் வந்து சேர்ந்தன. ஒன்று உள்ளே வந்தால் அவளுடைய நினைவு ஒன்று வெளியே போனது. குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நான்கு வருடம் இது நடந்தது. லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததைப் போல, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

கணவனுக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அங்கே அவனைப் படிப்பாளி என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் 'இந்த வாரம் வாசித்தவை' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் கடிதம் அனுப்புவான். தொழில்நுட்பம், அறிவியல், புரோகிராமிங், பண்பாடு என்று கலந்துகட்டிப் பதினொரு கட்டுரைகளின் லிங்க் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'ஆழமான அலசல்', 'தவறவிடாதீர்கள்' என்று ஒரு வரி. முதல் பத்தியில் கண்ணை ஓட்டுவான், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்ததற்குத் தாவிவிடுவான். அந்த அப்புறம் கடைசிவரை வரவில்லை. கடிதம் நாலாயிரம் பேருக்குப் போனது. அவர்களும் அவனுக்குச் சளைத்தவர்கள் இல்லை, திறந்துகூடப் பார்க்காமல் நன்றி எழுதினார்கள்.

மனைவி ஒரு பல்செட் பட்டறையில் வேலை பார்த்தாள். வாய் அச்சைக் கையில் வாங்கினால் போதும், இன்னாருடையது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். முதல் சனிக்கிழமை, ஏதோ ஒரு பிராணி தூக்கத்தில் ஏன் நிறம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டு எழுந்தாள். எந்தப் பிராணி என்று மட்டும் தெரியவில்லை. திங்கட்கிழமை பட்டறைக்குப் போனால், பத்து வருடமாக வந்துகொண்டிருந்த தபால்காரரின் கீழ்த்தாடை நினைவில் இல்லை. நீதிபதிக்குச் செய்த பற்களை அவருக்கு மாட்டி அனுப்பிவிட்டாள். அந்த வாரம் முழுக்கத் தபால்காரரும் நீதிபதியும் வாயைத் திறக்கவில்லை.

வந்த கட்டுரை எதற்கும் முதல் பத்தி இல்லை. அதை வைத்துத்தான் அவள் கண்டுபிடித்தாள். "ஒரு கப்பல் ஏன் கவுந்துச்சுன்னு எனக்கு அக்குவேறா ஆணிவேறா தெரியும். எந்தக் கப்பல்னுதான் தெரியல. அது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். அவன் கப்பலின் பெயரைச் சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் சனிக்கிழமை காலையெல்லாம் விசாரணைதான். "பதினொண்ணுக்குப் பதினொண்ணு வந்திருக்கு. ஒண்ணுகூடவா முழுசாப் படிக்கல?" என்பாள். "என்னை வேவு பாக்கறியா?" என்று அவன் எகிறுவான். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வரும் கோபம் அது.

இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை, முதல்முறையாக ஒன்று முதல் பத்தியோடு முழுதாக வந்தது. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை எந்தத் துணியால், எந்தச் சூட்டுத் தண்ணீரில் துடைக்க வேண்டும் என்ற கையேடு. மனித மனத்தின் எதிர்காலம் பற்றிய ஒன்பதாவது கட்டுரைக்குப் பதிலாக அவன் தப்பான லிங்க்கை ஒட்டியிருந்தான். நாலாயிரம் பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. ஒன்பதாவதுதான் பிரமாதம் என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். அதற்கு ஈடாக அன்றைக்கு அவளிடமிருந்து போனது இறந்துபோன அம்மாவின் குரல். நினைவில் அம்மாவின் முகம் இருந்தது, உதடு அசைந்தது, சத்தம் இல்லை. "ஃபிரிட்ஜ் துடைக்கிறதுக்கு எங்கம்மா குரலைக் குடுத்திருக்கேன்!" என்று அவள் போட்ட கூச்சல் தரைத்தளம்வரை கேட்டது. அவனை அவள் வெறுக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "படிங்க. இல்ல, நிறுத்துங்க. ரெண்டும் முடியாதுன்னா வாசிக்காதவைன்னு தலைப்பை மாத்துங்க. உண்மையைச் சொல்லிட்டா எனக்கு வராமப் போனாலும் போகும். எனக்குன்னு இன்னும் கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு." "அப்படிப் போட்டா யாரு திறப்பாங்க?" என்றான். இப்போது மட்டும் யார் திறக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் கடிதம் அதே தலைப்பில் போனது. அவள் பட்டறையில் ஒவ்வொரு அச்சிலும் ஆணியால் பெயரைக் கீறி வைக்கத் தொடங்கினாள். வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இருநூறாவது கடிதம் சிறப்பிதழ், நாற்பது கட்டுரைகள். வாசிப்பின் மேன்மை பற்றி முன்னுரை எழுதுவதிலேயே வாரம் போய்விட்டதால், எதிலும் முதல் பத்தியைக்கூட அவன் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவள் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு சமையலறைக்கு வந்தாள். மேசையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "லிஃப்ட் சரிபண்ண வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அவன் அவளை உட்காரவைத்து, கடைவாய்ப் பல்வலியோடு அவளுடைய பட்டறைக்கு வழிதவறி வந்த நாளிலிருந்து ஆரம்பித்தான். அவள் டாக்டரைப் போல அவனை வாயைத் திறக்கச் சொன்னது, இவன் வலியை மறந்து சிரித்தது. அவள் மோவாயைக் கையில் தாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்தாள். "நல்லா இருக்கு. மீதியை அப்புறம் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனாள்.

கடிதம் அன்றோடு நின்றது. ஒன்றரை வருடம் ஆகிறது, நாலாயிரம் பேரிடமிருந்து சனிக்கிழமைதோறும் நன்றி வந்துகொண்டிருக்கிறது. அவன் தினமும் காலையில் தன்னை முதலிலிருந்து அவளுக்குச் சொல்கிறான். அவள் முதல் பத்திவரைக்கும் கேட்கிறாள்.