இலையை முதலில் மடித்தவர்

பாக்கியலட்சுமி அக்காவின் சாப்பாட்டுக் கடையில், கை கழுவும் தொட்டிக்கு மேலே சுவர் பிளந்திருந்தது. டன்லப் ஸ்திரீட்டில், பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்குத் தூண் இறக்கியபோது ஏற்பட்ட அதிர்வு. விரிசல் வழியே வெயில் மெல்லிய கோடாக வந்து காலி மேசைகள்மேல் விழுந்தது. கடை மூடிக் கிடந்தும் ரசத்தின் வாசனை போகவில்லை.

நானும் கபிலனும் அங்கே எதிரெதிர்த் தரப்பாக நின்றோம். அந்தப் புதுக் கட்டடத்தைக் கட்டும் தலைமைக் குத்தகையாளருக்குக் காப்புறுதி தந்தது என் நிறுவனம். தூண் இறக்கிய துணைக் குத்தகையாளருக்குத் தந்தது அவனுடையது. கொடுக்க மாட்டோம் என்று இருவருமே சொல்லவில்லை. ஆனால் இரண்டு பாலிசிகளிலும் ஒரே நிபந்தனை: வேறு காப்புறுதி இருந்தால் அது முதலில் கொடுக்க வேண்டும், மிச்சத்துக்குத்தான் நாங்கள்.

"சைட்டுக்கே பொறுப்பு உங்க ஆளுதான், பெதானி. நீங்கதான் ஃபர்ஸ்ட்," என்றான் கபிலன்.

முன்பெல்லாம் என்னை 'நீ' என்றவன்.

"சப்-கான்ட்ராக்டர் பாலிசிதான் முன்னாடி நிக்கும்னு காண்ட்ராக்ட்லயே இருக்கே."

"அதுல எங்க கம்பெனி கையெழுத்துப் போடலையே."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதே மேசையில நான் தரேன், நான் தரேன்னு பில்லுக்கு அடிச்சிக்குவீங்க. இப்ப நீ குடு, நீ குடுன்னு தள்ளிக்கிறீங்க. நல்லாருக்கு லா!" பிறகு குரல் தணிந்தது. "மாசக் கடைசிக்குள்ள திறக்கலன்னா வீட்டுக்காரர் கடைய வேற ஆளுக்கு விட்டுருவாரு. அப்புறம் நீங்க ஜெயிச்சு எனக்கு என்ன?"

நாங்கள் முதல் வேலையில் சேர்ந்தபோது ஒரே அலுவலகம். வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி இங்கே வருவோம். இலையை முதலில் மடித்தவர்தான் பில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம்; கொடுப்பதற்குத்தான் போட்டி. நேரம் போய்விடும் என்று கபிலன் அப்பளத்தைத் தொடவே மாட்டான். நானோ கன்னத்தில் சோறு இருக்கும்போதே மடித்துவிடுவேன். இந்தத் தொட்டியருகே இடித்துத் தள்ளிக்கொண்டு கை கழுவுவோம். அந்த மத்தியானங்கள் எல்லாம் அந்த விரிசலுக்குள் போய்விட்டாற்போல் இருந்தது.

"கபிலன், முதல்ல சுவரக் கட்டுவோம்," என்றேன். "ஆளுக்குப் பாதி. யார் முதல்லங்கிறத அப்புறம் நடுவர்கிட்ட பேசிக்கலாம்."

"பாதி கொடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒத்துக்கலன்னு எழுதியே கொடுப்போம்."

அவன் வெளியே கடைகளுக்கு முன்னாலிருந்த ஐந்தடி நடைபாதையில் நடந்தபடி தொலைபேசியில் நெடுநேரம் பேசினான். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"எங்க பாஸ் சரின்னுட்டாரு. உன் பாஸ்?"

என் மேலாளரைச் சம்மதிக்கவைக்க இரண்டு நாள் ஆயிற்று. மாதக் கடைசிக்கு முந்திய வெள்ளிக்கிழமை கடை திறந்தது. புதுப் பூச்சு இன்னும் காயவில்லை. அன்று மத்தியானம் நானும் கபிலனும் சாப்பிடப் போனோம்.

எங்கள் நிறுவனங்களின் வழக்கு நடுவர் முன் இருந்தது. அது முடியும்வரை ஒரு தரப்பார் மறுதரப்பார் காசில் சாப்பிடக்கூடாது. அக்கா கேட்காமலேயே ஆளுக்கொன்றாக இரண்டு பில்லைக் கொண்டுவந்து வைத்தார்.

அவசரமே இல்லை. கபிலன் அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட்டான். அந்தக் கடையின் பாயசத்தை அன்றுதான் நான் முதன்முதலாகக் குடித்தேன்; ஏலக்காய் மணத்தது.

கபிலன் இலையை மடித்தான். பழக்கத்தில் பாதி எழுந்தவன், என் இலை இன்னும் விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.