ஹெலிகாப்டரை நிறுத்தியவர்

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் போலீஸ்காரர் முதல் வேலையாகச் சட்டையை இழுத்து பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டார். ராத்திரி முழுக்க மலையில் கிடந்து சட்டைக்கே தன் நிறம் மறந்திருந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஓய்வு பெறும்வரை முப்பத்துநாலு வருஷம், ஊரிலேயே பெரிய நாற்சந்தியின் நடுவில் நின்று போக்குவரத்தை ஆண்டவர் அவர். வலது கையை உயர்த்தினால் தண்ணீர் லாரி நிற்கும், பின்னால் வரும் பஸ் நிற்கும், பஸ்ஸுக்குள் குழந்தையின் அழுகையும் நிற்கும். ஒரு தடவை மேகம்கூட நின்றது என்று அவரே சொல்லியிருக்கிறார். இல்லை என்று சொல்ல எந்த மேகமும் வரவில்லை.

பாறை இடுக்கில், வெளியே தெரியாதபடி மச்சான் படுத்திருந்தார். மனைவியின் தம்பி, தையல்காரர். "இந்தப் பக்கமா இறங்கினா அரை மணி நேரம் மிச்சம்" என்று நேற்று குறுக்குவழி காட்டியது போலீஸ்காரர். அந்த வழியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது மச்சான். பங்கீடு அப்படி அமைந்துவிட்டது. கால் தலையணையாக வீங்கி, மதியத்திலிருந்து விரல்கள் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. இன்னொரு ராத்திரி இந்தக் குளிரில் கிடந்தால் போவது காலோடு நிற்குமா?

"மாமா, வந்துட்டாங்களா?"

"வந்தாச்சு. நீ பேசாம படு. நிறுத்தறது என் பொறுப்பு."

தட்டையான பாறையில் ஏறி விறைப்பாக நின்றார். இடது கை தொடையோடு ஒட்டியிருக்க, வலது கை உயர்ந்தது. உள்ளங்கை வானத்தைப் பார்த்து அதட்டியது. ஹெலிகாப்டர் அவர் மீசை பறக்கிற அளவுக்கு நெருங்கிவந்து தயங்கியது. கதவோரத்தில் ஹெல்மெட் போட்ட முகம் ஒன்று அவரை உற்றுப் பார்த்தது. அப்புறம் வண்டி ஒருக்களித்துத் திரும்பி, முகட்டுக்கு அந்தப் பக்கம் போயே போய்விட்டது.

"என்ன மாமா, சத்தம் குறையுது?"

"திருப்பறதுக்கு இடம் பாக்கறான்."

சத்தம் முழுசாக அடங்கியது.

"கையக் காட்டினீங்களா?"

"காட்டினேன்டா."

"நிக்காம போயிட்டானா? நம்பரையாவது குறிச்சுக்கிட்டீங்களா?"

மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு அறுந்து பற்கள் கிடுகிடுத்தன. கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"மாமா, இந்த வழிய நான்தான் காட்டினேன்னு அக்காகிட்ட சொல்லிடறேன். பாவம், நீங்க திட்டு வாங்காதீங்க."

போலீஸ்காரர் மச்சானின் நீலம் பாரித்த விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

சாயங்கால வெயில் எதிர்மலையின் உச்சியைத் தொட்டபோது மறுபடி சத்தம். இந்த முறை தூரத்தில், உயரத்தில், திரும்பிப் போகிற அவசரத்தில். போலீஸ்காரர் எழுந்து ஓடினார். சட்டை வெளியே தொங்கியது. ரெண்டு கையையும் தூக்குவது திருடன் வேலை. அவர் பிறரைத்தான் அப்படித் தூக்க வைத்திருக்கிறார். அதெல்லாம் அப்போது நினைவுக்கே வரவில்லை. கையும் களவுமாக மாட்டினவனைப் போல ரெண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "தப்பு என்னுதுதான்! வாங்கப்பா! அவன் கால் போயிடும்ப்பா!" என்று மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கதறினார்.

ஹெலிகாப்டர் திரும்பியது. நேராக வந்து, தலைக்குமேல் ஆணி அடித்தாற்போல் நின்றது.

கயிற்றில் இறங்கிவந்தவர் மச்சானின் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டியபடியே கேட்டார்: "ஐயா, முன்னாடி வந்தப்போ எங்கள ஏன் போகச் சொன்னீங்க?"

"நானா? நிக்கச் சொன்னேன்!"

"ஒரு கைய மேல தூக்கி ஒரு கைய கீழ விட்டா, எங்களுக்கு 'உதவி வேணாம்'னு அர்த்தம். ரெண்டையும் தூக்கினாதான் 'வேணும்'. நாங்க தேடினது ரெண்டு பேர. நீங்க தனியா கம்பீரமா நின்னீங்களா, வேற யாரோ ஊர் சுத்த வந்தவர்னு விட்டுட்டோம். உங்க வீட்டம்மா போன் மேல போன் போட்டதால கடைசியா ஒரு சுத்து வந்தோம்."

மச்சான் வலியை மறந்து குலுங்கினார். "மாமா, உங்க சர்வீஸ்லயே சிக்னல ஒழுங்கா மதிச்சது இவங்க மட்டும்தான்!"

"வாய மூடுறா," என்றார் போலீஸ்காரர். சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பயப்படாதீங்க. விரல்ல ரத்த ஓட்டம் இருக்கு. கால் தப்பிச்சிடும்," என்றார் வந்தவர்.

மேலே, ஹெலிகாப்டருக்குள், உலகத்தின் எல்லா மாவுமில்களும் ஒரே நேரத்தில் ஓடுகிற இரைச்சல். ஊசி போட்ட மயக்கத்தில் மச்சான் வாயைப் பிளந்து தூங்கினார். போலீஸ்காரர் கம்பளிக்குள் கையை நுழைத்து அவர் மார்பில் வைத்தார். காதில் எதுவும் விழவில்லை. ஆனால் அந்தக் குறட்டை, கர் கர்ரென்று, உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே வந்தது.