பாதியில் தூக்கிய முள்

இன்று மாலை தட்டெழுத்து வகுப்புக்குப் போகவில்லை. வல்லத்தில் ஒரு கல்யாணத்துக்கு ரேடியோ செட் போடப் போனேன். செட்டை வாடகைக்கு எடுத்தது மாப்பிள்ளை வீடு.

இரண்டு ரெக்கார்டு பிளேயர். ஒன்றில் பாட்டு முடியும் முன்பே மற்றதில் முள் இறங்கிவிட வேண்டும், ஆடுகிறவன் காலுக்கு இடைவெளி தெரியக் கூடாது என்பார் முதலாளி ஜகபர் அலி. அதற்காக ரெக்கார்டுகளைத் தாள வேகப்படி அடுக்கியிருந்தேன். அடுக்கியது சரிதானா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

கார் பந்தல் வாசலில் நின்றது. மாப்பிள்ளை இறங்கவில்லை. அவருடைய அண்ணன் இராமச்சந்திரன், பெண்ணின் தாய்மாமன் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டார். துரைக்கண்ணு ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு.

“நிச்சயத்தன்னிக்கு எங்க பையன வாத்து நடைன்னு சொன்னியாமே. உன் நடையக் காட்டு மாமா. ஒரு பாட்டு முடியிற வரைக்கும் ஆடு. தம்பி எறங்கிடுவான்.”

“இன்னா, ஒரு பாட்டுதானே.” துரைக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இராமச்சந்திரன் என் பக்கம் குனிந்தார். “பாட்டு முடியவே கூடாது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே தலையசைத்தார்.

முதல் பாட்டின் கடைசி அடியில் இரண்டாவதை நுழைத்தேன். அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் நான் சேர்த்ததே இல்லை.

“பாட்டு மாறிடுச்சே,” என்றார் பெண்ணின் அம்மா ரத்தினம்மாள்.

“சத்தம் நின்னாத்தாம்மா முடிஞ்ச மாதிரி,” என்றார் இராமச்சந்திரன்.

மூன்றாவது பாட்டில் துரைக்கண்ணுவின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வாத்து மாதிரிக் கத்தினார்கள். நான்காவதில் அவர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கால்கள் மட்டும் ஆடின.

“அண்ணே, உக்காரு,” என்றார் ரத்தினம்மாள்.

“அவரு எறங்கட்டும்மா.”

நான் முள்ளைத் தூக்கினேன்.

துரைக்கண்ணு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “முடிஞ்சுது. எறங்குங்க மாப்ள.”

“எங்க முடிஞ்சுது? பாதியிலதானே நின்னிருக்குது,” என்றார் இராமச்சந்திரன். “செட்டுக்காரன் தப்புக்கு நாங்க இன்னா பண்றது? மொதல்லேருந்து போடு.”

மாப்பிள்ளை கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

துரைக்கண்ணு என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியதில் பேச்சு உடைந்து வந்தது. “உன்ன எவண்டா கை வெக்கச் சொன்னான்? இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருப்பேன். அவனே சலிச்சுப்போய் எறங்கியிருப்பான். போடு.”

முள்ளை ரெக்கார்டின் ஓரத்தில் வைத்தேன். அவர் ஆட ஆரம்பித்தார். அடுத்த ரெக்கார்டை இராமச்சந்திரனே எடுத்து இரண்டாவது பிளேயரில் வைத்து, என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.