ஓசித் தண்ணீர்

மாநகராட்சி அந்த வருஷம் கோடை விழா நடத்தியது. பேருந்து நிறுத்தம் தவறாமல் சுவரொட்டி. அதில் "இலவசம்" என்ற சொல் மட்டும் ஆளுயரம். அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்துக்கான விளக்கம் காலடியில் இருந்தது. எறும்பிடம் வாசிக்கக் கொடுத்தால் அதுவும் கண்ணாடி கேட்டிருக்கும்.

இஸ்திரியக்கா அதைக் குனிந்து, கடைசிப் புள்ளிவரை படித்தவள். சலவைக்கடையில் நீராவிப் பெட்டியோடு மல்லுக்கட்டும் வேலை அவளுக்கு. ஊரே விசிறிக்கொண்டு திரியும் நாளில் அவள் ஆவிக்கு நடுவில் நின்று அடுத்தவர் சட்டையின் சுருக்கத்தை எடுத்துக்கொண்டிருப்பாள். மற்றவர்களுக்குக் கோடை ஒரு பருவம். அவளுக்கு அது உத்தியோகம்.

விழா தொடங்கியதிலிருந்து அவளும் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. ஏரியில் படகுச் சவாரி இலவசம்; மிதவைச் சட்டைக்கு வாடகை; சட்டை போடாமல் படகில் ஏறக் கூடாது. திறந்தவெளித் திரைப்படத்துக்குப் போனார்கள். நாற்காலியெல்லாம் விழாக் குழுவின் உறவினர்களுக்கு. இவர்களுக்குத் திரைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. படம் முழுக்கக் கதாநாயகன் இடது கையாலேயே வில்லனை அடித்தான். அருங்காட்சியகத்தின் இலவச நாளில் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதுவும் பழமையாகத்தான் இருந்தது.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்மா," என்றார் கணவர். பேருந்து ஓட்டுபவர். எதையும் பொறுத்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவர்.

"மாடு இருந்தாத்தானே பல்லைப் பார்க்க? இவங்க கயித்தை மட்டும் கையில குடுத்துட்டுப் போறாங்க."

மாநகராட்சி நீச்சல் குளத்து அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கு இலவசப் பயிற்சி. வழக்கம்போல நட்சத்திரம். வழக்கம்போலக் குனிந்தாள். பயிற்சியின் கடைசி நாளில் ஆழமான குளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எதையும் பிடிக்காமல் நீந்திக் கடப்பவருக்கு, கோடை முழுவதும் தினம் காலையில் குளத்தில் இறங்க இலவச அட்டை. கடக்காதவர் கட்டணம் செலுத்தலாம். அந்தக் கட்டணத்தில் நாமே ஒரு குளம் வெட்டிவிடலாம் என்றார் கணவர்.

இஸ்திரியக்கா நிமிர்ந்தாள். தினம் காலையில், ஆவிக்குள் போகும் முன்னால், கழுத்துவரை குளிர்ந்த தண்ணீர். ஒரு கோடை முழுக்க.

"அந்த அட்டை எனக்கு வேணுங்க."

"உனக்கு நீச்சல் தெரியாதே?"

"தெரிஞ்சவங்களுக்கு எதுக்குப் பயிற்சி?"

நீச்சல் உடை கட்டாயம் என்றது எறும்பெழுத்து. உடை நாத்தனாரிடம் இருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய பதவி, பெரிய மனிதர்களின் கிளப்பில் உறுப்பினர். கிளப்பில் பளிங்குக் குளம் உண்டு; அதன் கரையில் காபி குடிப்பாள். இறங்கினதாகச் சரித்திரம் இல்லை.

"எடுத்துக்கங்க அண்ணி. லேபிளை மட்டும் கிழிச்சிடாதீங்க," என்று அலமாரியிலிருந்து முழுக்கை, முழுக்கால் உடையை நீட்டினாள். "ஆனா ஒண்ணு, நீச்சல்ங்கறது ஒரு கலாசாரம். நாலு பேர் கூட்டமா விழுந்து குளிக்கிறது வேற."

"அந்தக் கலாசாரத்துல நீ எவ்வளவு தூரம் நீந்தியிருக்கேம்மா?"

நாத்தனாருக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது.

பயிற்சி தந்தது ஒரு இளம்பெண். ஊர் அவளுக்கு விசில் என்று பேர் வைத்திருந்தது. திட்டுவதும் பாராட்டுவதும் அதிலேயேதான். மிதப்பதும் மூச்சுவிடுவதும் இஸ்திரியக்காவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டன. ஆவியில் இத்தனை வருஷம் மூச்சுப் பிடித்தவளுக்குத் தண்ணீரில் என்ன கஷ்டம்? கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. அவள் நேராகப் புறப்படுவாள். கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் சாய்வாள். பாதையைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றில் போய் உரசுவாள். ஒவ்வொரு முறையும்.

விசில் ஒருநாள் கரையில் உட்கார்ந்து அவள் கைகளையே உற்றுப் பார்த்தாள். பிறகு வாயிலிருந்து விசிலை எடுத்தாள். பெரிய விஷயம் என்றால்தான் எடுப்பாள்.

"அக்கா, வலது கையால தண்ணியை அழுத்தித் தள்றீங்க, சரி. இடது கையால என்ன பண்றீங்க? தண்ணியில என்ன சுருக்கமா எடுக்கறீங்க?"

அதுதான் விஷயம். வலக்கை பெட்டியை அழுத்தும். இடக்கை முன்னால் போய்த் துணியைத் தடவிக்கொடுக்கும். இருபது வருஷப் பழக்கம். தண்ணீரிலும் வலக்கை உழைத்தது, இடக்கை தடவிக்கொடுத்தது.

மறுநாளே கடையில் பெட்டியை இடக்கைக்கு மாற்றினாள். ஒரு வக்கீலின் காலர் கருகியது. முதலாளி ஓடிவந்தார். "என்ன பண்றே நீ?"

"பழகறேன் முதலாளி."

"வக்கீல் சட்டையிலயா பழகணும்? நம்ம மேல கேஸ் போட்டா?"

"கோர்ட்டுக்குப் போடவும் அவருக்கு இந்தச் சட்டைதானே முதலாளி இருக்கு?"

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இஸ்திரி மேசைமேல் குப்புறப் படுத்து, வலக்கையை முதுகில் மடக்கி, இடக்கையால் மட்டும் காற்றைத் துழாவினாள். உடன் வேலை செய்தவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். அவள் துழாவிக்கொண்டே இருந்தாள். ஆனால் பழகிய கை அத்தனை சீக்கிரம் திருந்துமா? குளத்தில் இறங்கினால் மறுபடி தடவல். கயிறு உரசியதும் சுதாரித்து உள்ளே திரும்புவாள். உரசலாம், பிடிக்கக் கூடாது, அதுதான் விதி. கயிறு இருக்கிறவரை கவலை இல்லை என்று விசிலும் விட்டுவிட்டாள்.

கடைசி நாள் காலை போய்ப் பார்த்தால், குளத்தில் கயிறே இல்லை. நடுவில் ஆளளவு நுரைப் பலகை எழுத்துகள் "கோடை விழா" என்று மிதந்துகொண்டிருந்தன. விழாக் குழுத் தலைவர் பேசும்போது புகைப்படத்தில் பின்னணி எடுப்பாக இருக்க வேண்டுமாம். கயிற்றைக் கழற்றி எங்கோ அனுப்பிவிட்டார்கள்.

"கயிறில்லாம எப்படி சார்?" என்று விசில் கேட்டதற்கு, "இது விழாம்மா," என்றார் ஒரு குழு உறுப்பினர், அதுவே பதில் என்பதுபோல.

மதியம் குளத்துக்கு மருந்து போட மூடிவிடுவார்கள். அதற்குள் எல்லோரும் கடந்தாக வேண்டும். தலைவர் வந்ததே தாமதம். கோட்டு, கழுத்துப்பட்டை, வெயில் கண்ணாடியோடு ஒலிபெருக்கியைப் பிடித்தவர் விடவில்லை. "நீர் என்பது வெறும் நீரல்ல," என்றார். பிறகு அது என்னென்னவோ எல்லாம் என்றார். நீச்சல் உடையில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். இருவர் நைசாகக் கழன்று வீட்டுக்கே போய்விட்டார்கள். பார்வையாளர் பக்கம் கணவர் நின்றார். நாத்தனாரும் வந்திருந்தாள், கையில் காபிக் குவளையோடு. அண்ணி முழுகுவதைப் பார்க்க வந்தாளா, உடை பத்திரமா என்று பார்க்க வந்தாளா, தெரியாது.

தலைவர் நதிகளை முடித்துவிட்டு மேகங்களுக்குள் நுழைந்தார். இஸ்திரியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். குளத்து முனைக்கு நடந்தாள்.

"ஊதும்மா."

"அக்கா, தலைவர் பேசிட்டிருக்காரே!"

"அவர் கரையில பேசறார். நான் தண்ணியில போறேன். ரெண்டும் இடிக்காது."

விசில் தலைவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். ஊதினாள். தலைவர் அதை ரசிகர் சீழ்க்கை என்று நினைத்துக் கையசைத்தார்.

முதல் கால்வாசி நேராகத்தான் போனது. பிறகு உடம்பு தன் புத்தியைக் காட்டியது. இடப்பக்கம் சாய்ந்தது. உரசிச் சொல்லக் கயிறில்லை. தலை நுரைப்பலகையில் மோதியது. வாய்க்குள் ஒரு மடக்கு மருந்துத் தண்ணீர். எழுத்தைப் பிடித்தால் போச்சு. தலையாலேயே முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தாள். கோடை ஒரு பக்கமும் விழா ஒரு பக்கமுமாகப் பிரிந்து மிதந்தன.

"அலங்காரம்! அலங்காரம்!" என்று அலறினார் தலைவர். அன்றைக்கு அவர் மனசிலிருந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஸ்டியரிங்கை ரைட்ல ஒடி! ரைட்ல ஒடிம்மா!" என்று கணவர் கரையோரம் ஓடிவந்தார். ஒடிக்க ஸ்டியரிங் எங்கே இருக்கிறது? பக்கச் சுவர் கிட்டே வந்துவிட்டது. ஈரக் கல். ஒரு எட்டு எட்டினால் பிடித்துவிடலாம். நெஞ்சு தீயாக எரிந்தது. பிடித்து ஒரு மூச்சு வாங்கினால் என்ன? கை தானாக நீண்டது.

"பிடிக்காதீங்க அண்ணி!" நேர் மேலேயிருந்து ஒரு கூச்சல். நாத்தனார். குவளையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கல்லில் மண்டியிட்டிருந்தாள். "பிடிச்சா போச்சு! நான் நோட்டீஸை முழுசாப் படிச்சேன்! பிடிச்சா போச்சு!"

நீண்ட கை நின்றது. அது வலக்கை. இஸ்திரியக்கா அதை அப்படியே முன்னால் நீட்டி, செத்த கட்டையாக மிதக்க விட்டாள். இனி நீ பேசாதே. பாக்கி இருந்தது இடக்கை ஒன்றுதான். முதல் இழுப்பில் தடவியது. இரண்டாவதிலும் தடவியது. தடவினால் ஆள் நகராது, நகராவிட்டால் முழுகும். அதைக் கையே புரிந்துகொண்டதோ என்னவோ, மூன்றாவது இழுப்பில் தண்ணீரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. உடம்பு சுவரைவிட்டுத் திரும்பியது.

அப்புறம் இடக்கையால் கொஞ்சம், இரண்டு கையாலும் கொஞ்சம், சாய்ந்தால் மறுபடி இடக்கை. குடித்தவன் வீடு திரும்புகிற மாதிரி வளைந்து வளைந்து போனாள். ஒரு குளத்தின் தூரத்துக்கு ஒன்றரைக் குளம் நீந்தியிருப்பாள். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டார். கேட்க ஆளில்லை, எல்லோரும் குளத்தோரம் நடந்துகொண்டிருந்தார்கள். மறுமுனைச் சுவரில் இரண்டு உள்ளங்கையும் ஒன்றாக அறைந்து விழுந்தபோது விசில் ஊதினாள், ஊதினாள், காது கிழியும் மட்டும் ஊதினாள்.

குழு உறுப்பினர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "நேரா வரலையே. பரவாயில்லையா?"

"எதையும் பிடிக்காம வந்தாங்களா இல்லையா?" என்றாள் விசில். விசில் வாயில் இல்லை.

தலைவர் காற்றடிக்கும் திசை அறிந்தவர். ஒலிபெருக்கியைத் தட்டினார். "நம் விழாவின் வெற்றிக்கு இந்த அம்மையாரே சாட்சி! மேடைக்கு வாருங்கள், அட்டையை என் கையால் பெற்றுக்கொள்ளுங்கள்!"

இஸ்திரியக்கா சுவரைப் பிடித்தபடி கழுத்துவரை தண்ணீரில் மிதந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. மேலே கல் வெந்துகொண்டிருந்தது. மேடைக்கு மேலே பந்தல்கூட இல்லை.

"நான் இப்ப ஏறமாட்டேங்க. அதை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்க," என்றாள்.

"படம் எடுக்கணுமே அம்மா!"

"எடுங்க. அவர் நல்லாத்தான் இருப்பார்."

பேருந்து உடுப்போடு கணவர் மேடை ஏறினார். தலைவர் அவர் கையைப் பிடித்துப் பல்லைக் காட்டினார். மருந்துக்காரன் டப்பாவோடு வாசலில் வந்து நின்று, எல்லோரும் ஏறுங்கள் என்று சத்தம் போட்டான். கடிகாரத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கி இருந்தது. இஸ்திரியக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே முங்கினாள்.