பெரிய விதை

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் பிலோமி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது சித்தி வந்தாள்.

"ஏளா, காப்பி தீந்துட்டாம். உள்ள போய் என்னன்னு பாரு."

பெட்டிக்குள் கிடப்பது பிலோமியின் அப்பா சிலுவை. துட்டி விசாரிக்க வந்தவர்களுக்குக் காப்பி போடவும் செத்தவரின் மகள்தான் கிடைத்தாளா? தலைமாட்டில் தங்கச்சி ஸ்டெபி, அத்தையின் மடியில் சாய்ந்து கிடந்தாள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி சோடா புகட்டினாள். பிலோமிக்கு வயிறு எரிந்தது. அப்பன் செத்த வீட்டில் பொறாமையா என்று கேட்பவர்கள் அவள் பட்டதைப் பட்டுவிட்டு வந்து கேட்கட்டும். அவளையும் இன்றைக்கு யாராவது ஒருத்தர் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

பெரியதாழையில் புன்னை நாற்று என்றால் சிலுவைதான். வீட்டுக்குப் பின்னால் கறுப்புக் கவர்களில் வளர்ப்பார். விதைகளைப் பெரிசு, சிறிசு என்று பிரிப்பார். சிறிசுக்குக் கீற்று நிழல், இரண்டு வேளைத் தண்ணீர். பெரிசு வெயிலில் கிடக்கும். ஒரு தடவை ஆடு புகுந்து அத்தனையையும் மொட்டையடித்துவிட்டது. சிறு விதை நாற்றுகள் கருகிப்போயின. பெரிய விதையில் முளைத்தவை அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன.

"பெருசுக்கு உள்ளயே சோறு இருக்குலே. கடிச்சாலும் தாங்கும்" என்று ஊரெல்லாம் சொன்னார். மனுஷன் அதை நாற்றோடு விட்டிருக்கலாம்.

பிலோமி கொழுகொழுவென்று பிறந்தவள். ஸ்டெபி குறைமாசப் பிள்ளை. ஆகவே ஈரலும் காலேஜும் சின்னவளுக்கு, மீன் கூடை பெரியவளுக்கு. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. கடலுக்குப் போன புருஷன் கிளைட்டன் திரும்பாதபோதுகூட, அப்பா வாசலிலேயே நின்று, "நீ தாங்கிக்கிடுவ மக்கா" என்றார். பிறகு காய்ச்சலில் கிடந்த ஸ்டெபியைப் பார்க்கச் சாயர்புரம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அதே ஆடு மறுபடியும் வந்தது அவளுக்குத் தெரியும். இரண்டாம் தடவை மேய்ந்தபின் பெரிய விதை நாற்றுகளும் துளிர்க்கவில்லை. அவற்றைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டியவளே பிலோமிதான். அந்தக் கதையை மட்டும் அப்பா யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று அவர் வாயில் கடைசித் தண்ணீர் விட்டதும் அவள்தான். கண் திறந்தவர் கேட்டது, "ஸ்டெபி வந்துட்டாளா?"

சே! ஒரு தடவை 'பிலோமி' என்று கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபத்தை முடித்தார். கயிற்றில் சவப்பெட்டி குழிக்குள் இறங்கியதும் "அப்பா" என்று அலறிய ஸ்டெபியைப் பத்துக் கைகள் பிடித்துக்கொண்டன. பிலோமி தன் பக்கத்தில் பார்த்தாள். யாருமில்லை. பெட்டி அடியில் முட்டுகிற சத்தம் கேட்டது. அவள் அப்படியே சரிந்தாள். பிடித்துக்கொள்ள எதுவும் அகப்படாமல், இரண்டு கைகளையும் மணலில் ஊன்றிக் குழியோரத்தில் விழுந்தாள்.

"பாத்தியளா, மூத்தவ மண்ணு போடக் குனிஞ்சுட்டா" என்றார் இஞ்ஞாசி மாமா. "அவ தெம்பு யாருக்குவே வரும்? தள்ளி நில்லுங்க, அவ முதல்ல போடட்டும்."

எல்லோரும் விலகி இடம் விட்டார்கள். பிலோமி ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.