ஜீப் மூச்சுவிட இரண்டு வழிகள்

1

மூச்சை வென்றவனே உலகை வென்றான். மனித நாகரிகத்தின் வரலாறு காற்றைத் தேடிய வரலாறே.

இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. உண்மையில் இந்தக் கதை, 1962இல் நெய்வேலியில் ஒரு ஜீப்புக்கு வந்த இருமலிலிருந்து பிறந்தது. அப்போது நான் அங்கே ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். [எந்த அலுவலகம் என்று எழுதி, அடித்துவிட்டேன். பலர் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள்.]

2

முதல் தொடக்கம்: “சுரங்கத்திலிருந்து எழுந்த செம்மண் தூசு, நாணத்தில் சிவந்த மணப்பெண்ணின்...”

வேண்டாம். தூசு தூசு மாதிரிதான் இருந்தது. சோற்றில் விழுந்தது, ஃபைலில் விழுந்தது, ஜீப்பின் எஞ்சினுக்குள்ளும் போனது.

இரண்டாம் தொடக்கம்: அந்த ஜீப்பின் டிரைவர் சடையப்பன் மூன்று வருஷமாகக் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். கிடைத்தால், வடலூரில் தன் அண்ணன் வீட்டில் ஏச்சுப்பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும் மனைவி அமிர்தத்தை அழைத்து வந்துவிடலாம்.

இதில் அழகு இல்லை, கதை இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

எங்கள் அதிகாரி சிங்காரவேலு. கோட்டைக் கழற்றாமல் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒரே மனிதர். அவர் சடையப்பனைக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை டெல்லியிலேருந்து பெரியவர் ஒருத்தர் வர்றார். ஜீப்பு நிக்காம சுரங்கப் பள்ளத்துல எறங்கி ஏறிட்டா, உன்னை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே லெட்டர் எழுதறேன்.”

“ஏத்தத்துல மூச்சு வாங்குதுங்க ஐயா. இருமிக்கினே வருது.”

மெக்கானிக் ராயப்பன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். “ஏர் கிளீனர் போயிடுச்சு சார். அதே மாதிரி புதுசு ஒண்ணு மாத்தி, அடித்தட்டுல எண்ணெய் ஊத்திட்டா போதும். மண்ணெல்லாம் எண்ணெயில ஒட்டிக்கும்.”

“மாத்தினா வெளியில தெரியுமா?”

“பானெட்டைத் தூக்கினா தெரியும்.”

“டெல்லிக்காரர் பானெட்டைத் தூக்குவாரா?”

ராயப்பன் பானெட்டை மூடினார். சிங்காரவேலுவிடம் மதராஸிலிருந்து வந்த ஒரு கேட்லாக் இருந்தது. அதில், ஜீப்பின் முன்கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து நின்று எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் ஒரு குழாய். அதன் தலையில் பளபளவென்று தொப்பி. பழைய கிளீனரைத் தூர எறிந்துவிட்டு இதைப் பொருத்திக்கொள்ளலாம்.

“ஒசரத்துல தூசு கம்மி,” என்றார் சிங்காரவேலு.

“ஒசரத்துல கொஞ்சம் கம்மிதான் சார். இல்லாம போயிடாது. காத்தை வடிகட்டறது கிளீனருங்க, தொப்பி இல்ல.”

[ராயப்பன் இங்கே அளவுக்கு மீறிய அறிவாளியாகத் தெரிகிறார். வாசகர் நம்பமாட்டார். ஈடுகட்ட ஓர் உண்மை: அவர் சீட்டாட்டத்தில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.]

குழாய் வந்தது.

4

புது வண்டிக்குப் பூஜை உண்டு. புதுக் குழாய்க்கு உண்டா என்று சாஸ்திரம் சொல்லவில்லை, சிங்காரவேலு சொன்னார். வெள்ளிக்கிழமை காலை குழாய்க்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். தொப்பியின் கழுத்தில் அடர்த்தியாக ஒரு சாமந்தி மாலை சுற்றினார்கள். தொப்பிக்கு நேர் கீழே விபூதித் தட்டை நீட்டியபடி, “ஸ்டார்ட் பண்ணுப்பா,” என்றார் அதிகாரி.

தூசுக்குப் பயந்து வாங்கிய குழாய் முதன்முதலில் இழுத்தது விபூதியை.*

* அடுத்து இழுத்தது சாமந்தி. காற்று நுழையும் துவாரங்கள் தொப்பியின் கழுத்தில்தான் இருந்தன. மாலை என்றால் கழுத்தில்தானே போடுவார்கள்?

ஜீப் பள்ளத்தில் இறங்கியது. ஏறும்போது பாதியில் நின்றது. பின்சீட்டில் டெல்லிக்காரர், முன்சீட்டில் கோட்டு, வண்டியின் தலையில் மாலை.

சடையப்பன் யாரையும் கேட்கவில்லை. இறங்கிப்போய்க் குழாயை ஆட்டி, பிடுங்கி, ஓரமாகப் போட்டான். எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் வாயில், தூசை வடிகட்டத் தன் தோள்துண்டை ஒரு மடிப்பாகப் போர்த்திக் கட்டினான். ஜீப் ஒரு தும்மல் தும்மி, ஏறியது.

டெல்லிக்காரர் துண்டைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

“உள்ளூர் டிசைன் சார். நம்ம டிபார்ட்மெண்டே செய்தது,” என்றார் சிங்காரவேலு, அதே மொழியில்.

5

சாயங்காலம் சடையப்பன் என் மேசைக்கு வந்தான்.

“லெட்டர் டைப்புக்கு வந்துச்சுங்களா?”

“இன்னும் இல்லப்பா.”

“வண்டி நின்னுதுன்னு எழுதுவாரா, ஏறிச்சுன்னு எழுதுவாரா?”

“ரெண்டும் நடந்துதே.”

“அதான் கேக்கறேன். அமிர்தம் மூட்டைய கட்டிக்கினு குந்தியிருக்குது. பிரிக்கச் சொல்றதா வேணாமான்னு தெரியணும்.”

முடிவு அ: லெட்டர் வந்தது. அமிர்தம் மூட்டையோடு பஸ் ஏறினாள். [இதை எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.]

முடிவு ஆ: லெட்டர் வரவில்லை, எல்லா ஜீப்புக்கும் ஒரு துண்டு வீதம் வாங்கும்படி சர்க்குலர் வந்தது. [இதற்கு ராயப்பன் சிரித்திருப்பார். அமிர்தம் சிரித்திருக்கமாட்டாள்.]

முடிவு இ: சடையப்பன் நேரே உள்ளே போய், “ஐயா, நீங்க சொன்ன...”

இதை என்னால் முடிக்க முடியவில்லை. மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். சடையப்பனுக்கு நல்லதாகப் பார்த்து எடுங்கள். எதை எடுத்தாலும் ஒரு விவரத்தை உங்களிடம் மறைப்பது சரியல்ல. நான் அவனிடம் மறைத்தேன்.

சிங்காரவேலுவும் அப்போது டெம்பரரிதான். அவரைப் பெர்மனென்ட் பண்ணலாமா என்று கேட்கும் ஃபைலும் என் மேசையில்தான் இருந்தது.